பெட்டிஷன் வாங்குகிறவருக்கு ஒரு பாடம்

டாக்குரியா, கொல்கத்தா

அன்புள்ள தம்பிக்கு,

வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பது பற்றித் தமிழ்நாட்டுப் போலீசாருக்காக நீ தயாரிக்கும் ஆன்லைன் பாடத்தைப் பார்த்தேன். படமும் குரலும் கச்சிதம். மூன்றாம் பகுதியை மட்டும் எடுத்துவிடு. 'கவனிக்க வேண்டிய அடையாளங்கள்' என்று தாடி, திடீர் பக்தி, தனிமை என அடுக்கியிருக்கிறாயே, அதைத்தான். அந்தப் பட்டியலில் என் பேரனும் வருவான்.

நான் குடியிருக்கும் இந்தப் பக்கம், யாதவ்பூர் வரைக்கும், நக்சல் காலத்தில் அப்படியொரு பட்டியல் எழுதப்படாமலே புழங்கியது. கல்லூரி வயதுப் பையன் என்றாலே சந்தேகம்தான். 1974-இல் அர்ச்சனா குஹா என்ற தலைமையாசிரியையைப் பிடித்துப் போனார்கள். தேடியதோ அவருடைய சகோதரரை. போலீஸ் தலைமையகமான லால்பஜாரில் பட்ட சித்திரவதையில் அர்ச்சனாவால் நடக்க முடியாமல் போயிற்று. 1977-இல் தொடுத்த வழக்கில் ருணு குஹா நியோகி என்ற அதிகாரி குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது 1996-இல். இதைப் பாடத்தில் வை. மேலிடம் முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

இன்னொன்று இலங்கையின் காத்தான்குடி. 2017 மார்ச்சில் அங்கே சஹ்ரான் ஹாஷிமின் ஆட்கள் சூஃபி முஸ்லிம்களோடு மோதினார்கள். சஹ்ரான் தலைமறைவானான். அவனைப் பற்றி முதலில் புகார் சொன்னவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. உளவுத் தகவலுக்கு முன்பே வாசலுக்கு வந்த தகவல் அது. 2019 ஏப்ரல் 21 அன்று அவனும் அவன் ஆட்களும் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் வெடித்த குண்டுகளில் 250-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீஸ் மா அதிபராக இருந்தவரும் தப்பவில்லை.

ஆகவே பாடத்தை ஸ்டேஷன் ரைட்டரின் மேசையில் தொடங்கு. தாடி வைத்த ஒரு பெரியவர், தன் பள்ளிவாசலுக்கு வரும் பையன்களை எவனோ கெடுக்கிறான் என்று பெட்டிஷனோடு நிற்கிறார். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார். ரைட்டர் அவரை உட்காரச் சொல்வாரா? என்ன கேட்பார்? பெட்டிஷன் யார் கைக்குப் போகும்? பெரியவரின் பெயர் வெளியே கசியாமல் பார்ப்பது யார்?

கடைசியில் நாலு விடையில் ஒன்றைத் தொடும் பரீட்சை வேண்டாம். சாயங்காலத்துக்குள் விடைகள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். பாரா நிற்பவர் வீடியோவை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பெட்டிஷனைப் பற்றி மேலதிகாரிக்கு என்ன எழுதுவீர்கள் என்று கேட்டு, பத்து வரி எழுத வை. அதை ஓர் ஆள் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி இப்போதே கேள்.