முதலில் நிற்கத் தெரிய வேண்டும்

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுவது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டைம் அட்டாக் என்கிற சுற்று நேரப் போட்டிக்கு நீ பெயர் கொடுத்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். அவள் குரலில் பாதி பெருமை, பாதி புகார். பெருமையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். புகாருக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் 'சரி மாமா, சரி மாமா' என்பாய், ஒன்றும் மண்டையில் ஏறாது. தாளில் இருந்தால் ஒர்க்‌ஷாப்புக்குக் கையோடு எடுத்துப் போகலாம்.

சைலன்சர் மாற்றலாமா, ஏர் ஃபில்டர் மாற்றலாமா, ஈசியூவை ரீமேப் செய்தால் எத்தனை குதிரை கூடும் என்று கேட்டிருந்தாய். எதுவும் வேண்டாம். உன் ஸ்விஃப்ட் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கட்டும். கரி டிராக்கின் நீளமே சுமார் 2.1 கிலோமீட்டர்தான். அதில் வண்டி முழு வேகம் பிடிக்கும் முன் அடுத்த வளைவு வந்துவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் நேர்ப்பாதையில் நேரத்தை இழப்பதில்லை. பயந்து சீக்கிரம் பிரேக் அடிப்பதிலும், தைரியம் வந்தபின் தாமதமாக அடித்து வளைவைத் தவறவிடுவதிலும்தான் இழக்கிறார்கள்.

சக்தி கூட்டத் தேவையில்லை என்பதற்கு அந்த டிராக்கின் பெயரிலேயே சான்று இருக்கிறது. கரி என்பது எஸ். கரிவர்தன். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003இல் திறந்த டிராக்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதி வண்டிக்கு இன்ஜின் எது தெரியுமா? உன் தாத்தா வைத்திருந்தாரே அதே மாருதி 800இன் 796 சிசி இன்ஜின். அந்த வண்டிகளை ஓட்டித்தான் ஒரு தலைமுறையே பந்தயம் கற்றது. 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய நம்மூர் நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தான். உன் ஸ்விஃப்டில் அதைவிட அதிகமாகவே சக்தி இருக்கிறது, போதும்.

இனி பணத்தை எங்கே போடுவது என்று சொல்கிறேன். பிரேக்கில் போடு.

ஒரு சின்னக் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியில் இருக்கும் இயக்க ஆற்றல் நாலு மடங்காகும். 120இல் வருகிற வண்டியை 60க்கு இறக்கினால் பாதியைக் குறைத்ததாகத் தோன்றும். உண்மையில் அதன் ஆற்றலில் நாலில் மூன்று பங்கை பிரேக் விழுங்கியிருக்கிறது. நீயும் சேர்ந்து ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே பிரேக்கில் பிறக்கும் வெப்பம் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இதில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளில் இறங்குகிறது. அவினாசி ரோட்டில் அப்படி ஒரு பிரேக் அடித்தால் அடுத்ததற்குள் டிஸ்க் ஆறிவிடும். டிராக்கில் ஆற நேரமே கிடைக்காது. ஒரு சுற்றுக்குள் பல தடவை, அடுத்த சுற்றிலும் அதேபோல.

அப்போது முதலில் கைவிடுவது பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 என்றால் இன்னும் குறைவு: 205, 140. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். நீ பெடலை மிதிப்பாய், அது குமிழ்களை நசுக்கிக்கொண்டு தரைவரை போகும், வண்டி நிற்காது. மூன்று வருடமாக உன் வண்டியில் பிரேக் ஆயில் மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ என்னிடம்தான் சர்வீஸ் விடுகிறாய், வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டதும் நீதான். இப்போது மாற்று. சீல் உடைக்காத டாட் 4 டப்பா வாங்கி, நாலு சக்கரத்திலும் புது ஆயிலின் நிறம் தெரியும்வரை பழசை வெளியேற்று. டாட் 5 என்று ஒருவன் நீட்டினால் வாங்காதே. அது சிலிக்கான், இதோடு சேராது. 5.1 என்றால் பரவாயில்லை.

பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கழற்றிப் புதிதாகப் போடு. புது பேட் போட்ட கையோடு டிராக்குக்குப் போகக் கூடாது. காலியான ரோட்டில், விடியற்காலையில், 60லிருந்து 10 வரை அழுத்தமாக ஆனால் சக்கரம் பூட்டாமல் இறக்கு. கொஞ்ச தூரம் ஓட்டு, மறுபடி இறக்கு. இப்படிப் பல தடவை செய்த பின் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடு. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும்.

டயருக்கு வருகிறேன். புது டயர் வாங்கித் தரும்படி அப்பாவை நச்சரிக்காதே. பக்கவாட்டில் வீக்கமோ வெடிப்போ இல்லாத, நிறைய பட்டன் மிச்சமிருக்கிற டயர் போதும். ஒரு நல்ல பிரஷர் கேஜ் மட்டும் சொந்தமாக வாங்கு, பங்க் மீட்டரை நம்பாதே. சூடேறும்போது டயரில் காற்றழுத்தம் நாலைந்து பிஎஸ்ஐ கூடும். ஆகவே ஒவ்வொரு செஷன் முடிந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து நோட்டில் எழுது. டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வை. பக்கச்சுவரின் கோடு வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, வளைவில் டயர் மடங்குகிறது. தரையில் படும் பட்டனோடு நின்றிருந்தால் அதிகம், கொஞ்சம் இறக்கு. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் காற்றைத் திரும்ப ஏற்று. சூட்டில் இறக்கியது ஆறியதும் இன்னும் குறைந்திருக்கும். அப்படியே போத்தனூர் வழியாக ஓட்டி வருவது டிராக்கில் ஓட்டுவதைவிட ஆபத்து.

வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு முடுக்கு. முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி பார். பையன் ஏறி மிதித்து முடுக்குவதை நான் ஒர்க்‌ஷாப்பிலேயே அனுமதிப்பதில்லை. வீல் கப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிடு, இல்லாவிட்டால் அது தானாகவே கழன்று டிராக்கில் ஓடும்.

டிக்கியைக் காலி செய். கால் மேட்டை எடு, அது பெடலுக்கு அடியில் நகர்ந்து போகும். தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டுப் பிள்ளையார், தொங்குகிற மணி, எல்லாம் இறங்கட்டும். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். பேட்டரி கிளாம்ப் ஆடுகிறதா பார். ஜாக்கியோடு ஒரு திருகு கொக்கி வந்திருக்கும், வண்டி மண்ணில் புதைந்தால் அதில் கயிறு கட்டித்தான் இழுப்பார்கள். அதை முன்னால் மாட்டுகிற இடத்தையும் இப்போதே கண்டுபிடித்து வை. ஓட்டும் முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் இப்படிப்பட்ட சில்லறைகளில்தான் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள்.

இன்ஜின் ஆயில் மேல் கோட்டில் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதே. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும், வண்டி இருமும். ரோட்டில் லிட்டருக்கு 18 கொடுக்கிற வண்டி டிராக்கில் ஏழு, எட்டுக்கு வந்துவிடும். அதைக் கணக்கு வைத்துக்கொள்.

டிவியில் காட்டுகிற பந்தயத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. டிராக்கில் எதுவும் கிடைக்காது என்று எண்ணிப் புறப்படு, கிடைத்தால் லாபம். தார்ப்பாய், குடை, பெரிய கேனில் தண்ணீர், ஓஆர்எஸ், ஸ்பேனர் செட், இன்சுலேஷன் டேப், பழைய துணி, காற்றடிக்க ஒரு சின்ன பம்ப். 1990இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை மெட்ராஸ்காரர்கள் சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் விட்டார்கள். அதை நினைத்தால் உனக்கு அமைவது அரண்மனை.

உடுப்பு பருத்தியில் இருக்கட்டும், முழுக்கை. பாலியெஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். காலுக்கு மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ. ஹெல்மெட் முழு முகத்தையும் மூட வேண்டும். உன் அண்ணனின் பைக் ஹெல்மெட்டை ஏற்பார்களா என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேள். கார்ப் பந்தய ஹெல்மெட்டில் உட்புறத் துணி தீயைத் தாங்கும்படி இருக்கும், பைக் ஹெல்மெட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் விவகாரத்தையும் அப்போதே முடித்துவிடு. கடைசி நாளில் மருத்துவச் சான்றுக்கு அலையாதே.

இனி ஓட்டுவது. சீட்டை இப்போது வைத்திருப்பதைவிட முன்னே இழு. முதுகு சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும், பிரேக்கை முழுசாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொள். வளைவுக்குள் மெதுவாக நுழை, வெளியே வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைக் கொடு. வேகம் அதிகமாகிவிட்டது என்று பயந்து நடு வளைவில் காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகி வெட்டிக்கொண்டு போகும். முன்சக்கர இழுவை வண்டி சுழல்வது பெரும்பாலும் இப்படித்தான். சுழல ஆரம்பித்துவிட்டதா, கிளட்ச், பிரேக் இரண்டையும் ஒருசேர அழுத்தி அப்படியே வைத்திரு. இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கினால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதே. நேராகவே போய் வேகம் குறைந்த பின் ஏறு.

கொடிகளை மனப்பாடம் செய். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. இரண்டு மஞ்சள் என்றால் பாதையே அடைபட்டிருக்கலாம், நிற்கத் தயாராக இரு. மஞ்சளில் சிவப்புப் பட்டை என்றால் தரை வழுக்கும், யாரோ ஆயில் கொட்டியிருப்பார்கள். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உனக்குக் காட்டப்பட்டால் உன் வண்டியில் ஏதோ கோளாறு, பிட்டுக்கு வா. சிவப்பு என்றால் எல்லோரும் நிதானமாகத் திரும்ப வேண்டும். நானும் சில வருடம் மார்ஷலாக வெயிலில் நின்றவன் என்பதால் சொல்கிறேன்: கொடியைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் மிகச் சிலர்தான். அந்தச் சிலரில் நீ ஒருத்தியாக இரு.

முதல் செஷனில் நேரத்தை மறந்துவிடு. ஒவ்வொரு வளைவுக்கும் எங்கே பிரேக், எந்த கியர் என்று மட்டும் கவனி. கடைசிச் சுற்றை எப்போதும் பிரேக் படாமல் மெதுவாக ஓட்டு, எல்லாம் ஆறட்டும். நின்றபின் பெடலில் காலை வைத்துக்கொண்டிருக்காதே, சூடான பேட் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கும் போடாதே. முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடு. மதியம் பிரியாணி வேண்டாம், தயிர்சாதம் சாப்பிடு.

கடைசியாக உன் அம்மாவின் புகாருக்கு வருகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. உன் வண்டி இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து 'எதற்குப் பயன்படுத்தலாம்' என்ற பகுதியைப் படி. பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்று அச்சாகியிருக்கும். நம் நாட்டு மோட்டார் பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை அது. அதாவது டிராக்கில் ஒரு பம்பர் உடைந்தாலும் முழுச் செலவும் உன் சம்பளத்திலிருந்துதான். இதை அம்மாவிடம் நீயே வாய்விட்டுச் சொல்லிவிடு, மறைக்காதே. உடைந்தால் கட்டுமளவு பணம் கையில் இல்லையென்றால் இந்த முறை வேடிக்கை பார்க்கப் போ, அடுத்த முறை ஓட்டு.

புதன்கிழமைக்குள் முன்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பக்கமும் பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்து எனக்குச் சொல். புதிதாக வாங்க வேண்டியிருந்தால் பதிய வைக்க நாலு நாளாவது வேண்டும்.

அன்புடன்,
மாமா