ஆரஞ்சா, பச்சையா?

கேள்வி: ஆவின் ஆரஞ்சுப் பாலை விட்டுப் பச்சைக்கு மாறலாமா? வெண்ணெயை வீட்டிலேயே எடுத்தால் மிச்சமாகுமா?
– வாசகி, நாகல்நகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக மாறுங்கள். ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. புரதத்தில் பெரிய வித்தியாசமில்லை; கூடுதல் காசு கொழுப்புக்குத்தான். காபிக்கும் தயிருக்கும் பச்சையே தாராளம். பாயசத்துக்கு மட்டும் ஆரஞ்சு வாங்குங்கள். 2022 நவம்பரில் ஆரஞ்சு லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60-க்குத் தாவியபோதும் மாத அட்டைதாரர்களுக்கு 46தான். அட்டை போடாமலே விலையைத் திட்டுகிறவர்கள் நம்மில் அதிகம்!

வெண்ணெய்? அரைக் கிலோ வெண்ணெயில் 400 கிராம் கொழுப்பாவது வேண்டும். ஒரு லிட்டர் ஆரஞ்சுப் பாலில் இருப்பதே சுமார் 60 கிராம். ஏடு முழுதும் கைக்கு வந்தாலும் ஏழு லிட்டர் தேவை. கடையிலேயே வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய், நெய்க்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது.