அம்மிக் கல்லும் கிணற்றுக் கல்லும்

நமது தீவகத்து வீடுகளில் நாம் காணும் அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல்லால் ஆனவை. ஆனால் அக்கல் நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ வெட்டி எடுக்கப்பட்டதன்று. இங்கு கிணறு வெட்டுவோர் காண்பது சுண்ணாம்புக்கல்லே. நெடுந்தீவின் மதில்கள் முருகைக்கல்லால் அடுக்கப்பட்டவை. இக்கற்களின் வேறுபாட்டை அறிந்துகொண்டால், நமது கிணற்று நீரை ஏன் பேண வேண்டும் என்பதும் விளங்கும்.

கருங்கல்லில் என்ன உண்டு?

கருங்கல் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே கல்லன்று. கிறனைற்று என்பது பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகிய தீப்பாறை. மெல்ல ஆறியதால் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியும். குவாட்ஸ் கண்ணாடி போலவும், பெல்ஸ்பார் வெள்ளையாக அல்லது இளஞ்சிவப்பாகவும், கறுப்பு மைக்கா மின்னும் புள்ளிகளாகவும் தோன்றும்.

இதனை ஒத்த இன்னொரு கல் சார்னொக்கைற்று. இலங்கையின் மலைநாட்டிலும் சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் இது உண்டு. குவாட்ஸ், பெல்ஸ்பார் ஆகியவற்றுடன் ஹைப்பஸ்தீன் என்னும் இரும்பு கலந்த கனிமமும் இதில் இருக்கிறது. குவாட்ஸ் நீலச் சாயலாகவும் பெல்ஸ்பார் கரும்பச்சைச் சாயலாகவும் இருப்பதால், கல் முழுவதும் எண்ணெய் பூசியது போலக் கறுத்துத் தோன்றும். கல்கத்தாவில் யோப் சார்னொக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தோமஸ் ஹொலன்ட், 1893இல் இக்கல்லுக்கு அவர் பெயரை இட்டார். அவர் இதனைத் தீப்பாறை என்றே கொண்டார். பழைய பாறைகள் ஆழத்தில் கடும் வெப்பத்தால் உருமாறியும் இது உண்டாகும் என்பது இன்றைய அறிவு.

நமது கல்

நமது சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலில் படிந்தது. அக்காலம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இரும்பு ஆணியால் கீறினால் இக்கல்லில் கோடு விழும். சுரண்டிய தூளில் வினாகிரி விட்டால் நுரைக்கும். கருங்கல் நுரைக்காது; ஆணியால் எளிதில் கீறவும் முடியாது.

கிணற்றுக்கு இதனால் என்ன?

கருங்கல் நிலத்தில் நீர் வெடிப்புகளிலும் சிதைந்த மேற்படையிலும் மட்டுமே தங்கும். சுண்ணாம்புக்கல்லையோ மழைநீர் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. துவாரங்களும் குகைகளும் உண்டாகின்றன. அவற்றினூடாக இறங்கும் மழைநீர், கனமான உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதுவே நமது நன்னீர். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மலகூடக் குழியின் கழிவும் மிகையான உரமும் அதே துவாரங்கள் வழியே வடிகட்டப்படாமல் விரைவில் கிணற்றை அடையும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. இயந்திரத்தால் ஒரேயடியாக இறைக்காமல், சிறிது சிறிதாக இடைவெளி விட்டு இறைப்போம்.
2. மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றளவு தூரத்தில் அமைப்போம்.
3. குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மழைநீரை நிலத்தில் இறங்க விடுவோம்.
4. சுண்ணாம்புக்கல்லைக் கண்டபடி அகழ்வதைத் தடுப்போம். அக்கல்லே நமது தண்ணீர்த் தொட்டி.

உங்கள் சங்கக் கூட்டத்தில் இரு கற்களையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஊரில் எந்தக் கிணறுகள் உவராகின, எப்போதிருந்து உவராகின என்பதையும் கலந்து பேசுங்கள்.