பவர் ஸ்டேஷன் வாங்கும் முன் ட்ரில்லிங் மெஷினைத் திருப்பிப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது கூடவே ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கியிருப்பீர்கள். பெரும்பாலும் அது 600 விஏ யூபிஎஸ்ஸாகத்தான் இருக்கும். கரண்ட் போனால் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். அதற்குள் ஃபைலை சேவ் செய்துவிட்டு கம்ப்யூட்டரை நிறுத்தலாம். இதே வேலையைப் பெரிய அளவில் செய்யும் பெட்டிதான் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, அதை 230 வோல்ட் ஏசி கரண்டாக மாற்றும் ஒரு இன்வெர்ட்டர், சார்ஜ் செய்யும் சர்க்யூட், முன்பக்கம் ப்ளக் பாயிண்ட்டுகள், மேலே கைப்பிடி. அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் மரவேலை செய்யும் ஒரு அண்ணன் இருக்கிறார். புதுக் கட்டிடங்களில் மின் இணைப்பு வருவதற்கு முன்பே கப்போர்டு வேலைக்கு அழைக்கிறார்களாம். "தம்பி, 600 வாட்ஸ் பெட்டி ஒண்ணு கடையில காட்டுறாங்க. நம்ம மெஷினெல்லாம் ஓடுமா?" என்று கேட்டார். அவருக்கு அது பல மாதச் சேமிப்பு. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வாட்ஸ் வேறு, வாட் ஹவர் வேறு

பவர் ஸ்டேஷன் அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் முக்கியம். வாட்ஸ் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது. வாட் ஹவர் என்பது மொத்தம் எவ்வளவு மின்சாரம் சேமிப்பில் இருக்கிறது என்பது. தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவு வாட் ஹவர், குழாயின் அகலம் வாட்ஸ். தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் குழாய் சிறியதாக இருந்தால் தண்ணீர் மெல்லத்தான் வரும்.

உங்கள் யூபிஎஸ்ஸையே எடுத்துக் கொள்வோம். 600 விஏ என்று போட்டிருந்தாலும் அது தருவது சுமார் 360 வாட்ஸ்தான். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 84 வாட் ஹவர்தான் இருக்கிறது. எனவே "ட்ரில்லிங் மெஷினை யூபிஎஸ்ஸில் சொருகிப் பார்ப்போமே" என்ற எண்ணம் வேண்டாம்.

சில விளம்பரங்களில் வாட் ஹவரைச் சொல்லாமல் "50,000 மில்லி ஆம்பியர் ஹவர்" என்று பெரிதாகப் போடுவார்கள். லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000 ஆல் வகுத்துப் பாருங்கள். 185 வாட் ஹவர்தான் வரும். வாட் ஹவர் எங்கேயும் போடப்படாத பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

மெஷினின் ஸ்டிக்கரைப் படியுங்கள்

மெஷினைத் திருப்பினால் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இன்புட் வாட்ஸ் எழுதியிருக்கும். வீட்டு உபயோக 13 மி.மீ. ட்ரில்லிங் மெஷின்கள் 500 முதல் 700 வாட்ஸ் வரை, 4 இன்ச் கிரைண்டிங் மெஷின்கள் 600 முதல் 850 வாட்ஸ் வரை, மார்பிள் கட்டர்கள் 1000 முதல் 1400 வாட்ஸ் வரை இருக்கும். இரும்புப் பட்டறைகளில் இருக்கும் 14 இன்ச் கட்டிங் மெஷின் 2000 வாட்ஸைத் தாண்டிவிடும். ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால் 230 ஆல் பெருக்கிக் கொள்ளுங்கள்.

இந்த எண் மெஷின் ஓடும்போது எடுப்பது. ட்ரிக்கரை அழுத்தும் அந்தக் கணத்தில் இழுப்பது இதைவிட அதிகம். கையில் பிடிக்கும் மெஷின்களில் கார்பன் பிரஷ் வைத்த யூனிவர்சல் மோட்டார் இருக்கும். இது ஸ்டார்ட் ஆகும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும். ஏர் கம்ப்ரஸர், தண்ணீர் பம்ப், மேஜையில் பொருத்தும் பெஞ்ச் கிரைண்டர் ஆகியவற்றில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். அது ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். ஒரு குதிரைத்திறன் பம்ப் 746 வாட்ஸ்தானே என்று 1000 வாட்ஸ் பெட்டியில் சொருகினால் பெட்டி உடனே ட்ரிப் ஆக வாய்ப்பு அதிகம். சாஃப்ட் ஸ்டார்ட் வசதி உள்ள மெஷின்கள் மெல்ல வேகமெடுப்பதால் தொல்லை குறைவு.

இதனால்தான் பவர் ஸ்டேஷனிலும் இரண்டு வாட்ஸ் போடுகிறார்கள். ஒன்று தொடர்ந்து தருவது, இன்னொன்று சில கணங்கள் மட்டும் தாங்கும் சர்ஜ். கடைக்காரர் சர்ஜ் எண்ணைச் சொல்லி விற்கப் பார்ப்பார். நீங்கள் தொடர் வாட்ஸைக் கேளுங்கள். மெஷினின் வாட்ஸைவிட அது கால் பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். சர்ஜ், மெஷின் வாட்ஸைப் போல் மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி.

இன்னொரு தந்திரமும் உண்டு. "1000 வாட்ஸ் பெட்டியில் 1500 வாட்ஸ் பொருளும் ஓடும்" என்று சில மாடல்களில் ஒரு மோட் இருக்கும். வோல்டேஜைக் குறைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். வாட்டர் ஹீட்டர், கெட்டில் போன்ற சூடாக்கும் பொருள்களுக்குச் சரி, சற்று மெதுவாகச் சூடாகும். சுமையோடு சுழலும் மோட்டாருக்கு வோல்டேஜைக் குறைத்தால் திணறும், சூடேறும். மெஷின் ஓட்டும்போது அந்த மோடை அணைத்து வையுங்கள்.

அண்ணனின் ஒரு நாள்

எக்செல்லைத் திறந்து முதல் பத்தியில் மெஷினின் பெயர், இரண்டாவதில் வாட்ஸ், மூன்றாவதில் ஒரு நாளில் உண்மையில் ஓடும் நிமிடங்கள் என்று டைப் செய்தோம். நான்காவது பத்தியில் வாட்ஸை நிமிடத்தால் பெருக்கி 60 ஆல் வகுத்தால் வாட் ஹவர் வந்துவிடும். நிமிடங்களைக் குறிக்கும்போது கவனம் தேவை. "நாள் முழுக்க ட்ரில் போடுறேன்" என்றார் அண்ணன். ஆனால் ஒரு ஓட்டைக்கு 15 விநாடி என்றால் 60 ஓட்டைக்கு 15 நிமிடம்தான்.

ப்ளைவுட் அறுக்க அவர் வைத்திருப்பது மர ப்ளேடு மாட்டிய மார்பிள் கட்டர். (நம் ஊர் ஆசாரிகள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த மெஷின் கல்லுக்கு என்று செய்யப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.) அது 1200 வாட்ஸ், 20 நிமிடம், ஆக 400 வாட் ஹவர். ட்ரில்லிங் மெஷின் 600 வாட்ஸில் 15 நிமிடம், 150. ப்ளேனர் 600 வாட்ஸில் 20 நிமிடம், 200. ட்ரிம்மர் 500 வாட்ஸில் 12 நிமிடம், 100. மொத்தம் 850 வாட் ஹவர்.

பேட்டரியில் உள்ளது முழுவதும் ப்ளக்குக்கு வந்து சேராது. இன்வெர்ட்டர் இழப்பு உண்டு. 85 சதவீதம் வரும் என்று வைத்தால் 850-க்கு 1000 வாட் ஹவர் வேண்டும். ஏசி பட்டன் ஆன் ஆகவே இருந்தால் மெஷின் ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் தின்னும். 15 வாட்ஸ் என்றால் எட்டு மணி நேரத்தில் 120 வாட் ஹவர் போச்சு! ஆக 1120. பேட்டரி பழசாகும்போது கொள்ளளவு குறையும் என்பதால் 1300-க்கு மேல் வேண்டும். கட்டருக்காகத் தொடர் வாட்ஸ் 1500-க்குக் குறையக் கூடாது. உதவியாள் அதே நேரத்தில் ட்ரில் போட்டால் 1800 ஆகிவிடும், எனவே 2000 வாட்ஸ் பெட்டி. கடையில் காட்டிய 600 வாட்ஸ் பெட்டி இதற்குப் பக்கத்தில் கூட வராது.

இந்த இடத்தில் அண்ணனே ஒரு வழி சொன்னார். ப்ளைவுட்டை முன்பே அளவெடுத்துப் பட்டறையிலேயே அறுத்துக்கொண்டு போய்விடலாம், சைட்டில் ஓரம் சரிசெய்ய ப்ளேனர் போதும் என்றார். கட்டர் வரிசையை டெலீட் செய்தோம். 450 வாட் ஹவர் மிஞ்சியது. 0.85 ஆல் வகுத்தால் சுமார் 530, அதனுடன் 120, ஆக 650. ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் 1000 வாட்ஸ், 800 வாட் ஹவர் பெட்டியே போதும். ஒரே ஒரு மெஷின் பட்டியலிலிருந்து போனதும் பெட்டி ஏறக்குறைய பாதியாகிவிட்டது!

இன்னொரு வழி, பேட்டரி மெஷின்களுக்கு மாறுவது. 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றில் இருப்பது 90 வாட் ஹவர். இதை சார்ஜ் செய்ய சிறிய பவர் ஸ்டேஷனே போதும், சர்ஜ் கவலையும் இல்லை. ஆனால் கையில் இருக்கும் வயர் மெஷின்களை எல்லாம் மாற்ற வேண்டும். ஏற்கெனவே நான்கு மெஷின் வைத்திருப்பவருக்கு இதை நான் சிபாரிசு செய்யவில்லை.

கை முக்கியம்

சுமை கூடினால் பவர் ஸ்டேஷன் தானாக நின்றுவிடும். கிரைண்டிங் மெஷினில் ட்ரிக்கரை அழுத்தியபடி நிறுத்தும் லாக் பட்டன் இருக்கும். பெட்டி ட்ரிப் ஆனதும் மெஷின் நிற்கும், லாக் அப்படியே இருக்கும். கீழே வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியை மறுபடி ஆன் செய்தால், தரையில் கிடக்கும் மெஷின் யாரும் தொடாமலே சுழன்று துள்ளும். எனவே ட்ரிப் ஆனால் முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள், லாக்கை விடுவியுங்கள், அதன் பிறகே ரீஸ்டார்ட்.

பவர் ஸ்டேஷனின் ப்ளக் பாயிண்டிலிருந்து வயர் போட்டு வீட்டுச் சுவர் பாயிண்டில் சொருகுவது கூடவே கூடாது. உங்கள் வீட்டு எர்த் லீக்கேஜ் சர்க்யூட் பிரேக்கர் இந்தப் பெட்டியில் ஓடும் மெஷினுக்குக் காவல் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். மெஷின் ஸ்டிக்கரில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது டபுள் இன்சுலேஷன் உள்ளது. சைட் வேலைக்கு அதுவே நல்லது. சுருள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பயன்படுத்தினால் வயரை முழுவதும் விரித்துவிடுங்கள். சுருட்டியபடி ஓட்டினால் சூடேறும்.

அறுக்கும் தூசியை பெட்டியின் ஃபேன் உள்ளே இழுக்காத தூரத்தில், நிழலில் வையுங்கள். கம்ப்யூட்டரையும் மெஷினையும் ஒரே பெட்டியில் சொருகாதீர்கள். ட்ரிப் ஆனால் சேவ் செய்யாத ஃபைலும் போய்விடும்.

வெளிநாட்டில் இருக்கும் மாமா வரும்போது வாங்கி வரட்டும் என்று நினைக்கிறீர்களா? 160 வாட் ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்து வர முடியாது. அமெரிக்க மாடலாக இருந்தால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் மெஷின்களுக்கு உதவாது. இங்கேயே வாங்குங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ப்யூர் சைன் வேவ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் மெஷினையே கடைக்கு எடுத்துப் போய்ச் சொருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அண்ணன் ப்ளேனரோடுதான் போயிருக்கிறார்.