பத்துப் படுக்கைக்கு எத்தனை சிஸ்டர்?

பாலாறு சோதனைச் சாவடியிலிருந்து ஒரு பக்கம் மேட்டூர், மறுபக்கம் மாதேஸ்வரன் மலை ஏறிக் கொள்ளேகால், மைசூரு. அங்கே ஒருவருக்கு மூச்சுத் திணறினால் வீட்டார் முதலில் விசாரிப்பது, எந்த ஊரில் ஐசியூ படுக்கை காலியாக இருக்கிறது என்பதைத்தான். படுக்கையும் வென்டிலேட்டரும் இருந்தால் ஐசியூ தயார் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் தீவிர சிகிச்சை பிறந்ததே மனிதக் கைகளில்தான். 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டிய வழியில் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கியே நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். வென்டிலேட்டர் வந்த பிறகும் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பதும், படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவதும் சிஸ்டர்தான். புரட்ட ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும்.

'பத்துப் படுக்கை, இருவருக்கு ஒரு நர்ஸ், ஆக ஐந்து பேர். மூன்று ஷிப்டுக்குப் பதினைந்து' என்று போடும் கணக்கு இரண்டு இடங்களில் பிசகுகிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தனியாக ஒருவர் வேண்டும். அப்படி நான்கு பேர் இருந்தால் அவர்களுக்கு நால்வர், மற்ற ஆறு பேருக்கு மூவர், ஆக ஷிப்டுக்கு ஏழு பேர். அடுத்தது விடுப்பு. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வார ஓய்வும் நாற்பது நாள் விடுப்பும் போக, எட்டு மணி நேர டியூட்டி பார்க்கும் ஒருவர் தருவது ஏறக்குறைய 2,180 மணி நேரம். ஓர் இடத்தை இரவு பகலாக நிரப்ப நான்கு பேர்; ஏழு இடத்துக்கு 28. பொறுப்பு சிஸ்டர் இதில் சேர்த்தியில்லை. எந்நேரமும் ஒரு டாக்டர் வார்டிலேயே இருக்க வேண்டுமென்றால் அதற்கும் இதே நான்கு மடங்குதான். காலையில் நிபுணர் வந்து ரவுண்ட்ஸ் பார்த்துப் போவது இதற்கு ஈடாகாது.

இவ்வளவு சம்பளத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஆள் குறைந்தால் அந்தச் செலவு வேறு கணக்கில் ஏறுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் லிண்டா எய்கன் குழுவினர் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், முப்பது நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. தொலைவிலிருந்து திரையில் கண்காணித்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். மைசூருவில் உட்கார்ந்திருக்கும் நிபுணர் அலாரத்தைப் பார்க்கலாம், மருந்தை மாற்றச் சொல்லலாம். நழுவிய குழாயைப் பிடிக்கப் படுக்கையருகே ஆள் நிற்க வேண்டும். 28 பேர் கிடைக்காவிட்டால், இருக்கும் ஆட்களுக்கு ஏற்றபடி படுக்கையைக் குறைத்து, அந்த எண்ணிக்கையையே வெளியில் சொல்லலாம். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.