ஓசை அடங்கிய யந்திரம்

மோட்டார் வண்டியைக் காண்போர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் வெளியழகையுமே வியப்பர். அஃது ஓசையின்றி ஓடுவதன் காரணத்தை ஆராய்வோர் சிலரே. 1906-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பெற்று, பின்னர் ‘சில்வர் கோஸ்ட்’, அதாவது வெள்ளி ஆவி, எனப் பெயர்பெற்ற ரோல்ஸ்-ராய்ஸ் வண்டி இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த உதாரணமாகும்.

இதனை வகுத்த ஹென்றி ராய்ஸ் (1863–1933) வறுமையில் வளர்ந்தவர். சிறு வயதில் பத்திரிகை விற்றவர். மான்செஸ்டர் நகரில் மின்சாரக் கருவிகள் செய்துவந்த அவர், தாம் வாங்கிய பிரெஞ்சு வண்டியின் குறைகளைக் கண்டு, 1904-இல் தாமே ஒரு வண்டி செய்து ஓட்டினார். அவ்வாண்டிலேயே சார்லஸ் ரோல்ஸ் என்பவரைச் சந்தித்தார். இருவர் பெயரும் ஒன்றாய் இணைந்தன.

ஆறு சிலிண்டர்கள் வரிசையாய் அமைந்த யந்திரத்தில் ஒரு பிஸ்டனின் அசைவை மற்றொன்று ஈடுசெய்யும். ஆகவே அது குலுங்காது ஓடவேண்டும் என்பது கணக்கு. ஆயினும் இடர் வேறிடத்தில் இருந்தது. பிஸ்டன்களின் ஏற்றவிறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு, சிலிண்டர்கள் மிகுந்தமையால் நீண்டது. நீண்ட தண்டு ஒவ்வொரு வெடிப்பின் உந்துதலாலும் சிறிதே முறுகி மீளும். ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளத் தள்ள அது உயர்வதுபோல, ஒரு குறித்த வேகத்தில் இம்முறுக்கதிர்வு பெருகித் தண்டையே முறித்துவிடும். ராய்ஸ் முன்னர்ச் செய்த 30 குதிரைசக்தி யந்திரமும் இத்துன்பத்துக்கு உட்பட்டது.

அவர் ஓசையை மூடி மறைக்க முயலவில்லை. அதன் வேரையே நாடினார். புதிய யந்திரத்தில் கிராங்க் தண்டைப் பருமனாக்கி, ஏழு பேரிங்குகளில் தாங்குவித்தார். சிலிண்டர்களை மும்மூன்றாய் இரு தொகுதிகளாக வார்த்து, நடுப் பேரிங்கைப் பெரிதாக்கினார். தண்டினுள் துளையிட்டு, எண்ணெய் அழுத்தத்துடன் எங்கும் பாயச் செய்தார். 7,036 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய அப்பெரிய யந்திரம், நிமிஷத்துக்கு 1,250 சுற்றுகளில் சுமார் 48 குதிரைசக்தியே தந்தது. வலிமை மிகுந்தும் விரையாமையால் உறுப்புகள் வருந்தவில்லை.

இவ்வமைப்பின் உண்மை 1907-இல் சோதிக்கப்பட்டது. இராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் 15,000 மைல் ஓடிய சோதனையில், 629-ஆம் மைலில் பெட்ரோல் குழாயின் திருகு குலுங்கி மூடிக்கொண்டமையால் வண்டி நின்றது. அதன்பின் 14,371 மைல்கள் தன் பழுதால் நில்லாது ஓடியது. முடிவில் யந்திரத்தைப் பிரித்துப் பார்த்தபோது, தேய்ந்த உறுப்புகளைப் புதுப்பிக்க ஆன செலவு இரண்டு பவுன் இரண்டு ஷில்லிங் ஏழு பென்ஸ் மாத்திரமே!

இதனால் அறியத்தக்கது யாது? யந்திரத்தில் எழும் வீண் ஓசை பெரும்பாலும் அதிர்வின் அடையாளம். அதிர்வு தேய்மானத்தின் தாய். ஆதலால் சில்வர் கோஸ்டின் அமைதி செல்வர்க்கென மேலே பூசிய அலங்காரமன்று. உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றமைக்குச் சான்றாகும். விஞ்ஞானம் பயிலும் மாணவர், குறை கண்டவிடத்து அதன் விளைவை மறையாது காரணத்தைத் தேடும் இம்முறையைக் கைக்கொள்வாராக.