ஆண் பெண் என இருபால் அமைந்தது என்னை?

சைவபாடசாலைகளிற் பிள்ளைகள் வினாவும் வினாக்களுள் ஆசிரியரைத் திகைக்கச் செய்வன சில உள. அவற்றுள் ஒன்று, "சேவலும் பேடும் என இரண்டு ஏன்? ஒன்றே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தால் ஆகாதோ?" என்பது. இதனை நாணத்துக்குரிய பேச்செனக் கருதி அடக்கிவிடுதல் எளிது. இறைவன் அவ்வாறு படைத்தான் என்று கூறி மேற்செல்லுதல் அதனினும் எளிது. அவ்விரண்டும் விடையாகா.

மூன்றாவது ஒரு விடையும் நம்மவரிடை வழங்குகின்றது. மாதொருபாகர் திருவுருவைக் காட்டி, அங்ஙனமே உயிர்களும் இருபாலாயின என்பர். இது பத்தியினாற் கூறப்படுவதாயினும் ஆராயாது கூறப்படுவதே. முதல்வனுக்குப் பாற்பாகுபாடு இல்லை என்பது நம் சமயநூற்றுணிபு. சத்தி என்பது அவனது அருள். ஞாயிறும் அதன் ஒளியும் போல அவனின் வேறாகாது நிற்பது. உடம்பின் பால் அன்று. மெய்கண்டதேவரும் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் ஆண், பெண், அஃறிணை என்னும் பாகுபாட்டைத் தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தின்பால் வைத்தனரேயன்றி உலகிற்கு முதலாயினான்பால் வைத்திலர். ஆகவே இருபால் அமைந்த காரணத்தை வினாவுதல் மாயாகாரியமாகிய உடம்பைப் பற்றிய ஆராய்ச்சியாம். அதனைக் காட்சியாலும் அனுமானத்தாலும் ஆராய்தற்கு யாதொரு தடையும் இன்று.

வினாவோ உண்மையில் இரண்டு. ஓருயிர் தனித்தே இனம் பெருக்கக்கூடுமாக, இரண்டு கலத்தல் எற்றுக்கு என்பது ஒன்று. கலத்தல் வேண்டுமெனின், கலப்பன ஏன் இருவகையின ஆதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்தலே மயக்கத்துக்கு முதற்காரணம்.

முன்னதன் கடுமை ஒரு சிறு கணக்கினால் விளங்கும். ஒரு தாய் நான்கு மக்களைப் பெறுவாளாயின், கலப்பின் வழியிற் பெரும்பான்மையும் இருவரே பெண்கள். ஆணின்றி ஈனும் தாய்க்கோ நால்வரும் பெண்கள். நால்வரும் மேலும் ஈனுவர். பிந்திய வழியினர் தலைமுறைதோறும் இருமடங்காக விஞ்சுவர் அன்றோ? ஜோன் மேனாட் சிமித் என்னும் ஆங்கில அறிஞர் 1970களில் இக்கணக்கை வற்புறுத்தினர். இது வெறுங்கற்பனையும் அன்று. இலையின் கீழ் மொய்க்கும் அசுவுணிகள் வெப்பக் காலத்தில் ஆணின்றியே குட்டி ஈனுகின்றன. வட அமெரிக்கப் பாலைநிலத்துப் பல்லிவகை சிலவற்றில் ஆண் என்பதே இல்லை. இத்துணை ஊதியமுடைய வழியிருக்க, விலங்கும் மரமும் பெரும்பாலன கலந்தே பெருகுவது என்னை?

இதற்கு விடை காண யாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. ஹேவாஹெட்ட மலைகளே போதியன. கண்டி நாட்டு மலைகளில் இன்று தேயிலை நிற்கும் இடங்களிற் பல முன்னர்க் காப்பி நின்ற இடங்கள். அராபிக்காக் காப்பி பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தானே கருக்கொள்வது. ஆதலின் தாய்போலவே சேயும் முளைப்பது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய், ஒரு செடியைப் பற்றியவாறே அடுத்ததனையும் பற்றியது. ஒரு பூட்டுக்குச் செய்த திறவுகோல், அதே அச்சில் வார்த்த ஆயிரம் பூட்டையும் திறக்கும். ஏறத்தாழ இருபது ஆண்டிற் காப்பித் தொழில் மடிந்தது. துரைமாரின் நட்டத்தை எழுதிவைத்தோர் பலர். வேலையிழந்து மலையிறங்கிய நம் தொழிலாள மக்களின் துயரை எழுதினோர் சிலரே. 1880 முதல் 1882 வரை இங்கிருந்து அந்நோயை ஆராய்ந்த மார்சல் வாட் என்பவர், மலை மலையாக ஒரே பயிரை நெருங்க நட்டமை நோய்க்கு இடந்தந்ததென எடுத்துரைத்தனர். அதுவும் உண்மையே. எனினும், ஒரே பயிர் என்பதனோடு ஒரே தன்மையும் கூடியமையாற்றான் கேடு அத்துணை முற்றிற்று என்பது எம் கருத்து.

இனித் தேயிலையை நோக்குக. ஜேம்ஸ் டெயிலர் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கர் நிலத்தில் இதனைப் பயிரிட்டனர். தேயிலைப் பூவில் வெள்ளிதழ் நடுவே மஞ்சட் கேசரங்கள் நிறைந்திருக்கும். ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒரு பூவிலேயே உள. அங்ஙனமிருந்தும் அச்செடி தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வேறொரு செடியின் மகரந்தம் பூச்சிகளால் வரவேண்டும். ஆதலின் விதையிற் பிறந்த ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு தன்மைத்து. பழைய விதைத்தேயிலை மலையில் ஓரிலை பெரிது, ஓரிலை சிறிது. ஒன்று முந்தித் துளிர்க்கும், ஒன்று பிந்தும். கொழுந்து பறிக்கும் தாய்மார் இதனை நூல் படியாமலே அறிவர். மாணாக்கரை வகுப்பிற்கு வெளியே அழைத்துச்சென்று இதனைக் காட்டுதல் பத்துப் பாடத்துக்கு ஒப்பாம்.

1946இல் கொப்புளநோய் இலங்கைக்கு வந்தது. தேயிலை காப்பியைப்போல் அழிந்திலது. செம்பு மருந்து தெளித்தமை அதற்குப் பெருந்துணை. செடிகள் எல்லாம் ஒரே அளவில் நோய்க்கு இடங்கொடாமையும் துணையாயிற்று. பின்னர்த் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த டி.ஆர்.ஐ. 2025 முதலிய வகைகள் தண்டுத்துண்டுகளால் நடப்பட்டுப் பரவின. வீ.பீ. மலை என நம் மக்கள் கூறுவது அதுவே. அதன் விளைவு மிகுதி. ஆயின் அம்மலைச் சரிவு முழுதும் ஒரு செடியின் பிரதிகளே நிற்கக் கூடும். நோயை எதிர்க்கும் புதுவகை வேண்டுமிடத்து ஆராய்ச்சியாளர் மீண்டும் பூவையும் கலப்பையுமே நாடுகின்றனர்.

கலப்பினாற் பிள்ளைகள் தம்முள் வேறுபடுகின்றன. வேறுபடுதலால் ஒரு நோய் எல்லாரையும் ஒருங்கே கொள்ளமாட்டாது என்பதே இன்றைய அறிஞர் பலர் கொள்ளும் விடை. கேட்டிஸ் லைவ்லி என்பவர் நியூசிலாந்து நன்னீர் நத்தையொன்றில், ஒட்டுண்ணிப் புழு மிகுந்த நீர்நிலைகளிற் கலந்து பெருகும் நத்தைகளும், அப்புழு அருகிய இடங்களில் ஆணின்றிப் பெருகுவனவும் மிகுந்திருத்தலை 1987இற் காட்டினர். ஆசிரியர் இங்கே ஒன்று கருதுக: காப்பித் துருவை விளைத்த பங்கசு தானும் பெரும்பாலும் கலப்பின்றியே பரவுவது. கோடானுகோடி வித்திகளை விரைவில் ஈனுவதற்கு எண்ணிக்கையே வலிமை. மெதுவாக வளரும் மரத்துக்கும் மனிதனுக்கும் அவ்வழி இன்று.

இரண்டாம் வினாவுக்கு வருவாம். கலத்தற்குரிய நுண்கலத்தைப் புணரி என்பர். கிளமிடோமொனாசு என்னும் நீர்ப்பாசியினம் பலவற்றில் இரு புணரியும் ஒரே அளவின. அங்கே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆயின் உடம்பு பெரிதாகுந்தோறும் கருவுக்கு உணவு மிகுதியும் வேண்டும். இருக்கும் பொருளைக்கொண்டு உணவு நிறைந்த சில புணரிகளை ஆக்கலாம். அன்றி விரைந்து தேடிச்செல்லும் எண்ணற்ற சிறு புணரிகளை ஆக்கலாம். இடைப்பட்ட அளவினது தேடுதற்கும் உதவாது, ஊட்டுதற்கும் போதாது. பாக்கர், பேக்கர், சிமித் என்னும் மூவர் 1972இல் இதனைக் கணிதத்தால் நிறுவினர். சிறியது ஆண், பெரியது பெண். மூன்றாவதற்குச் செய்தொழில் இல்லை. மனிதரிற் பெண்ணொருத்திக்கு வாழ்நாளில் முதிர்வன ஏறத்தாழ 400 கருமுட்டைகள். ஆணின் விந்தணுக்களோ கோடிக்கணக்கின. ஒருவகைக் காளானிற் கலத்தற்குரிய வகைகள் 20,000க்கு மேற்பட்டன எனினும், புணரியிற் பெரிது சிறிது என்பது இன்மையின் அவற்றைப் பால் எனல் பொருந்தாது.

புணரி இரண்டேயாயினும் உடம்புகள் பலவாறு அமைவன. தேயிலையில் இரண்டும் ஒரு பூவில். பப்பாசியில் ஆண்மரம், பெண்மரம், இரண்டுங்கூடிய மரம் என மூன்று. பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். திருவோத்தூரில் ஆண்பனைகள் குலையீன்ற அற்புதத்தைப் பெரியபுராணத்தால் அறிவோம். ஆண்பனை காய்ப்பதில்லை என்பது அக்காலத்து ஊரார் அனைவர்க்கும் தெரிந்திருந்தமையாலன்றோ, அடியவர் நட்ட பனைகள் காயாமையைச் சமணர் இகழ்ந்ததும், ஆளுடையபிள்ளையார் அருள் அற்புதமாயிற்றதும்! மனிதருள்ளும் இருபாலுள் ஒன்றில் முற்றும் அடங்காத உடம்பினர் பிறக்கின்றனர். தொல்காப்பியனார் அவரையும் உயர்திணையிலேயே வைத்தனர். வகுப்பில் எள்ளிநகைத்தற்கு இடங்கொடுத்தல் ஆகாது.

இன்னும் ஒன்று. பெண்மக்களையே பெற்றாள் என்று ஒரு தாயைப் பழித்தல் ஊரிலும் தோட்டத்திலும் இன்றும் கேட்கப்படுகின்றது. ஆண் பெண் என்னும் வேறுபாட்டுக்கு நிறமூர்த்தமே காரணமென்பதை 1905இல் நெற்றி சிற்றீவன்சு என்னும் அமெரிக்கப் பெண்மணியார் மாப்புழுவண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர். மனிதரிற் கருமுட்டை கொண்டுவருவது எப்பொழுதும் எக்சு நிறமூர்த்தமே. விந்தணுக்களுள் ஏறத்தாழப் பாதி எக்சு உடையன, பாதி வை உடையன. வை சேர்ந்தாற் பெரும்பாலும் ஆண், எக்சு சேர்ந்தாற் பெண். ஆகவே அவ்வேறுபாடு வருவது தந்தைவழி. அவற்றுள் எது முற்பட்டுச் சேரும் என்பதோ தந்தையின் வயத்ததும் அன்று.